இடிந்து விழுந்த ஆவணக் காப்பகத்தை எப்படி மீட்கிறார்கள்?

நனைந்த காகிதத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் கெடு. அதற்குள் உலர்த்தியாக வேண்டும், தவறினால் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு கட்டுக் காகிதம் என்றால் மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டுச் சமாளிக்கலாம். அலமாரித் தட்டுகளை வரிசையாக வைத்தால் 30 கிலோமீட்டர் நீளும் அளவுக்கு ஆவணங்கள் இருந்து, அவற்றில் 90 சதவீதம் ஒரே நாளில் மண்ணுக்குள் போனால்?

2009 மார்ச் 3 பிற்பகலில் ஜெர்மனியின் கொலோன் நகரில் அதுதான் நடந்தது. செவெரின் தெருவில் இருந்த நகர வரலாற்று ஆவணக் காப்பகம் சில நிமிடங்களில் சரிந்து விழுந்தது. கட்டடத்துக்கு முன்னால், தெருவுக்கு அடியில், சுரங்க ரயிலுக்காக ஆழமான பள்ளம் தோண்டியிருந்தார்கள். நிலத்தடி நீரைத் தடுக்கக் கட்டிய கான்கிரீட் சுவரில் ஓரிடத்தில் குறை இருந்தது. மண்ணுக்குள் கிடந்த ஒரு பாறை, தோண்டும் இயந்திரத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் அங்கே சுவர் முழுமையாக அமையவில்லை என்று பிற்பாடு நிபுணர்கள் கண்டறிந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் மணலும் சரளையும் பள்ளத்துக்குள் பாய்ந்ததில் காப்பகத்தின் அடிமண் காலியாகிவிட்டது. கட்டுமானத் தொழிலாளர்கள் எச்சரித்ததால் காப்பகத்தில் இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். பக்கத்து வீடுகளில் இருந்த இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள்.

சரி, அப்படி என்னதான் இருந்தது உள்ளே? மிகப் பழைய ஆவணம் 922ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து யார் வீட்டை யார் வாங்கினார், யார் அடமானம் வைத்தார் என்ற சொத்துப் பதிவுகள் இருந்தன. தொழில் சங்கத்தினர் பழைய பணக்காரக் குடும்பங்களிடமிருந்து ஆட்சியைப் பிடித்து, 1396இல் எழுதிக்கொண்ட நகர அரசியல் சாசனம் இருந்தது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹைன்ரிஷ் போலின் கையெழுத்துப் பிரதிகளும் அங்கேதான்.

காப்பகம் என்றால் ஆராய்ச்சியாளர்கள் வந்து குறிப்பெடுக்கும் இடம் என்று இன்று நினைக்கிறோம். ஆரம்பத்தில் அது நகரத்தின் ஆயுதக் கிடங்குக்கு நிகரானது. வரி வசூலிக்கும் உரிமை உனக்கு யார் கொடுத்தது என்று பேராயரோ பேரரசரோ கேட்டால், முத்திரை வைத்த தோல் ஏட்டை எடுத்து நீட்ட வேண்டும். அது இல்லையென்றால் உரிமையும் இல்லை. அதனால்தான் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரமன்றத்துக்குக் கோபுரம் கட்டியபோது ஆவணங்களுக்கென்று அதில் ஓர் உறுதியான அறை ஒதுக்கினார்கள். வெளியாளுக்கு அங்கே அனுமதி கிடையாது. குடிமக்கள் யாரும் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்பதெல்லாம் மிகப் பிற்காலத்து வழக்கம். இப்போது ஜெர்மனியில் பிறப்புப் பதிவேடுகள்கூட 110 ஆண்டுகள் கழிந்ததும் பதிவு அலுவலகத்திலிருந்து காப்பகத்துக்கு வந்துவிடுகின்றன. பூட்டனைத் தேடுகிறவர்கள் அங்கேதான் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் கொலோனின் மையப்பகுதி ஏறக்குறைய தரைமட்டமானது. ஆவணங்களை முன்கூட்டியே வெளியூர்களுக்கு அனுப்பிவிட்டதால் பெரிய இழப்பில்லை. 1971இல் செவெரின் தெருவில் புதுக் கட்டடம் எழுந்தது. தடித்த சுவர், குறுகலான ஜன்னல் என்று குளிர்சாதனத்தைப் பெரிதாக நம்பாமல் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சீராக வைத்த அந்த அமைப்பைப் பல நாட்டுக் காப்பகங்கள் பின்பற்றின. விழுந்ததற்கு அந்தச் சுவர்களைக் குறைசொல்ல முடியாது.

இனி மீட்பு. இடிபாட்டிலிருந்து எடுத்த காகிதத்தில் ஒரு பகுதி காய்ந்து, சிமென்ட் தூசி படிந்திருந்தது. மென்மையான தூரிகையும் ரப்பர் பஞ்சும் கொண்டு ஒவ்வொரு தாளாகத் துடைக்க வேண்டும். ஈரமாக வந்ததைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உடனே உறைய வைத்தார்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, மையும் மேற்கொண்டு கசியாது. கெடு முடிந்துவிடும் என்ற பதற்றமே இல்லாமல் வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். விநோதம் என்னவென்றால், நிலத்தடி நீருக்குள் முழுவதும் மூழ்கிக் கிடந்தவையும் ஒருவகையில் பாதுகாப்பாகவே இருந்தன. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். அவற்றின் ஆபத்து வெளியே எடுத்த நொடியிலிருந்துதான் தொடங்கியது. கடைசித் தொகுதி மேலே வர 2011 ஆகிவிட்டது.

உறைந்ததை அப்படியே உருக விட்டால் மறுபடி நனைந்த காகிதம்தான் மிஞ்சும். எனவே பனிக்கட்டியை நீராக விடாமல் நேரே ஆவியாக்க வேண்டும். ஃப்ரீசரில் மறந்துபோன ஐஸ்கட்டி சில வாரங்களில் தானாகச் சிறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே பதங்கமாதல்தான் இங்கும் நடக்கிறது, வேகம் மட்டும் கூட. காற்றழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே, அதாவது சாதாரண அழுத்தத்தில் சுமார் 166இல் ஒரு பங்குக்கும் கீழே போனால், தூய நீர் திரவமாக இருக்கவே முடியாது. பனியாகவோ ஆவியாகவோதான் இருக்கும். ஆவணங்களை வெற்றிடக் கலத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சி, மெல்லச் சூடு கொடுப்பார்கள். பனி ஆவியாகிப் பக்கத்தில் உள்ள மிகக் குளிர்ந்த தகட்டில் போய்ப் படியும். நடுவில் திரவமே வராததால் மை கலையாது, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் குறையும். தோல் ஏடுகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. விலங்குத் தோலின் புரதம் ஈரத்தோடு சூடு பட்டால் சுருங்கிவிடும்.

மொத்தத்தில் சுமார் 95 சதவீதத்தை மீட்டுவிட்டார்கள். அப்படியானால் வேலை முடிந்ததா? பாதிகூட இல்லை என்பேன். நூலகத்தில் ஒரு புத்தகம் தொலைந்தால் வேறொரு பிரதி வாங்கலாம், அட்டையில் தலைப்பும் இருக்கும். காப்பகத்தில் அநேகமாக எதற்கும் இரண்டாம் பிரதி கிடையாது. பெரும்பாலான தாள்களுக்குத் தலைப்பும் இல்லை. எந்த அலுவலகத்தில், எந்தக் கோப்பில் பிறந்ததோ அந்த வரிசை மாறாமல் வைத்திருப்பதுதான் ஆவணவியலின் முதல் விதி. ஒரு ரசீது தனியாகக் கிடந்தால் யாரோ யாருக்கோ பணம் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அதுவே நகர மதில் கட்டிய கணக்குக் கட்டுக்குள் இருந்தால், கல் எங்கிருந்து வந்தது, கூலி எவ்வளவு என்றெல்லாம் பேசத் தொடங்கும். 2009இல் கலைந்தது அந்த வரிசை. போதாக்குறைக்கு, மீட்டதை மீட்ட நேரத்தில் லாரியில் ஏற்றிச் சுமார் 20 காப்பகங்களுக்கு அனுப்பினார்கள். வேறு வழியில்லை. ஒரே கோப்பின் முதல் பாதி ஓர் ஊரிலும் மறுபாதி இன்னோர் ஊரிலும் போய்ச் சேர்ந்தன.

எனவே ஒவ்வொரு துண்டுக்கும் பார்கோடு ஒட்டி, விவரத்தைத் தரவுத்தளத்தில் ஏற்றி, பழைய பட்டியலோடு ஒப்பிட்டு வருகிறார்கள். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் முக்கிய ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் படமெடுத்து, ஃப்ரைபுர்க் அருகே ஒரு பழைய சுரங்கத்தில் எஃகுப் பீப்பாய்களில் வைத்திருக்கிறார்கள். கொலோனின் படச்சுருள்களும் அங்கே உண்டு. எந்தத் தாள் எதன் பக்கத்தில் இருந்தது என்பதற்கு அவை சாட்சி. எல்லாவற்றையும் சீராக்க 200 பேர் 30 ஆண்டு உழைக்க வேண்டும் என்று அப்போது கணக்கிட்டார்கள். 2021 செப்டம்பரில் ஐஃபெல்வால் தெருவில் புதுக் கட்டடம் திறந்த பிறகுதான் சிதறியதை ஒரே கூரையின் கீழ் வைத்து வேலை பார்க்க முடிகிறது.

அப்புறம், கிழிந்த துணுக்குகள். லட்சக்கணக்கில் கிடக்கும் அவற்றுக்கு ‘கொலோன் செதில்கள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இருபுறமும் ஸ்கேன் செய்து, ஓரத்தின் வடிவம், தாளின் நிறம், கையெழுத்தின் போக்கு ஆகியவற்றைக் கணினி ஒப்பிட்டுப் பொருந்தக்கூடிய ஜோடிகளைக் காட்டும். அது சரியா தவறா என்று முடிவு செய்ய, பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் திரைக்கு முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது.