லிஃப்ட் கிட்டுக்கு முன்னால் ஒரு சுத்தியல்

போன மாசியில் ஒரு தம்பி பழைய ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்கிற) பிக்கப் ஒன்றை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். திருவொற்றியூரில் என் ஒர்க்‌ஷாப். எனக்கு வருவதில் முக்கால்வாசி வயிற்றுப்பாட்டு வண்டிகள்தான். காசிமேட்டில் மீன் ஏற்றுவதும், மணலிக்கும் மாதவரத்துக்கும் லோடு அடிப்பதும். இது ஆசை வண்டி. பின்னால் தொட்டி நிறைய அட்டைப்பெட்டிகள்: நீளமான எல்இடி லைட் பார், வின்ச் (சிக்கின வண்டியை இழுக்கும் கயிற்று உருளை) வைக்கிற மாதிரி ஸ்டீல் பம்பர், வண்டியை இரண்டு இன்ச் தூக்குகிற லிஃப்ட் கிட்.

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள மாட்டிக் குடுத்துடுங்க. சனிக்கிழமை பசங்களோட நாகலாபுரம் மலைப் பக்கம் போறோம்."

"வண்டி எங்க வாங்கின?"

"பழவேற்காட்டாண்ட. ஒரே ஓனருண்ணே."

"அவரு இத வெச்சு இன்னா பண்ணிட்டிருந்தாரு?"

"ஃபைபர் படகு இழுப்பாராம். மணல்ல ஃபோர் பை ஃபோர் போட்டு சும்மா அசால்ட்டா இழுக்குமாம்."

எனக்கு அங்கேயே வயிற்றில் புளியைக் கரைத்தது. படகைத் தண்ணீரில் இறக்கணும் என்றால் வண்டியின் பின்பக்கமும் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். அதுவும் கடல் தண்ணீர். இதில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் முழுக்கப் புதுக் கறுப்பு பெயிண்ட் வேறு, எருமைத் தோல் மாதிரி பளபளவென்று. இருபத்தாறு வருஷத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரு சந்தேகம் இது: பழைய வண்டியின் அடியில் மட்டும் எவனாவது புதுசாகக் கறுப்படித்திருந்தால், அவன் அழகுக்காக அடித்திருக்க மாட்டான்.

ராம்ப்பில் ஏற்றி, அரைக்கிலோ சுத்தியலை எடுத்து முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு கோயில் மணி மாதிரி பேசும். டங், டங். கேபினுக்குப் பின்னாலும் டங். பின் ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் ஹேங்கருக்கு மேலே வந்ததும் 'தொப்' என்றது. இன்னொரு தட்டு. சுத்தியலின் மூக்கு உள்ளே போய்விட்டது. பெயிண்ட், அதற்கு அடியில் பட்டி வைத்துத் தேய்த்த ஒட்டு, அதற்கும் அடியில் அப்பளம் நொறுங்கின மாதிரி அடுக்கடுக்காகத் துரு. கூடவே ஒரு கைப்பிடி ஈர மணல் கொட்டியது. தம்பி குனிந்து அதில் கிடந்த ஒரு கிளிஞ்சல் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

லிஃப்ட் கிட் ஏறி உட்காரப்போகும் இடம் அந்த ஹேங்கர்தான். அது கையோடு வந்திருந்தால் பின் ஆக்சில் ஒரு பக்கம் நழுவும், வண்டி தானாகத் திரும்பும். மலை வேண்டாம், எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டு கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவில் நடந்தால் போதும்.

வடசென்னையில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் துரு வெளியிலிருந்து வருவதில்லை. சேசிஸ் நீளத்தில் பல இடம் பெட்டி மாதிரி மூடியிருக்கும். தண்ணீர் வடிய அடியில் சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். மணலும் சேறும் போய் அந்த ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் ஓடின வண்டி என்றால் அனல்மின் நிலையச் சாம்பலும் சேரும். அது ஈரத்தைப் பஞ்சு மாதிரி பிடித்து வைக்கும். உப்போ, காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் வெயில் காலத்தில்கூட உள்ளே காயாது. வெளியில் பெயிண்ட் சிரித்துக்கொண்டிருக்கும், உள்ளே தகடு பேப்பராகிக்கொண்டிருக்கும். மீன் வண்டிகளிலும் இதே கதைதான், ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் தொட்டியிலிருந்து நேராக சேசிஸ் மேல்தான் இறங்குகிறது.

ஆகவே கழுவும்போது மேலே பாலிஷ் போடுவதைவிட, அடியில் அந்த ஓட்டைகளுக்குள் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வெளியே தெளிவாக வரும்வரை. நன்றாகக் காயவிட்டு உள்ளே மெழுகு வகைத் துருத் தடுப்பு அடிக்கலாம். சிலர் பழைய எஞ்சின் ஆயிலை அடியெல்லாம் அடித்துவிடுவார்கள், லாரிக்காரர்கள் பழக்கம். துருவை அது கொஞ்சம் தள்ளிப்போடும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் எல்லாம் ஊறி உப்பிப்போகும். பிரேக் டிரம்முக்குள் ஒரு சொட்டுப் போனால் அந்தச் சக்கரம் பிடிக்காது. நான் அடிப்பதில்லை.

தம்பியின் வண்டிக்குச் செய்தது என்னவென்றால், அழுகின பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்தோம். எங்கள் கடையில் தகடு, வெல்டிங் வேலை பார்க்கிற டிங்கர் பாய் அதற்குத் தகடு வெட்டிய விதத்தைச் சொல்லணும். சதுரமாக வெட்டவில்லை, சாய்சதுரமாக வெட்டினார். சேசிஸுக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு வெல்டிங் விழுந்தால், லோடு ஏறி இறங்கும்போது அந்தக் கோட்டிலேயே மறுபடி விரிசல் விடும். சாய்வாகப் போனால் பாரம் ஒரே இடத்தில் குவியாது. சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவும் கூடாது. பாரத்தின் இழுப்பும் அமுக்கமும் அங்கேதான் அதிகம். பம்பரோ பிராக்கெட்டோ எதுவானாலும் துளை நடுப்பக்கத்தில் வரட்டும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றுவதும், டீசல் குழாய் பக்கத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பதும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், மறந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, சேசிஸ் நம்பர். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கோ பெயர் மாற்றத்துக்கோ போனால் அதைப் பென்சிலில் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பார்கள். துருவில் நம்பர் கரைந்திருந்தால் நீங்கள் நல்லவர் என்று நிரூபிக்கவே அலைய வேண்டும். வாங்கும் முன் ஒரு துணியால் துடைத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

இப்போது லிஃப்ட் கிட் விஷயம். இதில் நானே ஒரு தடவை சூடு பட்டிருக்கிறேன்.

தொழில் தொடங்கின புதிதில் ஒரு பிக்கப்புக்குப் பின்பக்கம் மட்டும் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு இன்ச் இரும்புக் கட்டை வைத்து, நீள யூ போல்ட் போட்டுத் தூக்கிக் கொடுத்தேன். பார்க்க ஜம்மென்று இருந்தது. இரண்டு வாரம் கழித்து, மழையில், லோடோடு போனவர் பிரேக் அடித்திருக்கிறார். முன் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு ஸ்டீயரிங் வேலை செய்யாமல் நேராகப் போய் டிரெய்லரின் பின்பக்கம் இடித்து நின்றிருக்கிறது. வேகம் குறைவு, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. லைனிங் புதுசு, பிரேக் ஆயில் புதுசு, எங்கும் ஒழுகல் இல்லை. எனக்குப் புரியவே இல்லை. கடைசியில் ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, ஆக்சிலிலிருந்து சேசிஸுக்குப் போகிற ஒரு மெல்லிய கம்பியைக் காட்டி, "இத யாரு மாத்தி வெக்கிறது?" என்றார்.

அந்தக் கம்பியின் மேல் முனையில் ஒரு வால்வு இருக்கும். பல பிக்கப்களில் உண்டு. காலி வண்டியில் பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தம் முழுதாகப் போனால் பின்பக்கம் வழுக்கிச் சுற்றும். அதனால் வண்டி காலியா, லோடா என்று இந்த வால்வு பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்க்கும்? லோடு ஏறினால் சேசிஸ் ஆக்சிலை நோக்கி இறங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். நான் கட்டை வைத்துத் தூக்கியதும் வால்வு, வண்டி எப்போதும் காலி என்று நினைத்துக்கொண்டது. ஒரு டன் ஏற்றினாலும் பின் பிரேக் அரைத் தூக்கம்தான். தூக்கின அளவுக்கு, கம்பியின் கீழ் முனையை ஆக்சிலில் பிடித்திருக்கும் பிராக்கெட்டையும் உயர்த்தி, கம்பெனி சொல்லும் அளவில் கம்பியை செட் பண்ணியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அன்றிலிருந்து, யாராவது லிஃப்ட் போட்ட வண்டியைக் கொண்டுவந்தால் அந்தக் கம்பியைத்தான் முதலில் பார்ப்பேன். பத்தில் ஏழெட்டு வண்டியில் யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள்.

யூ போல்ட்டைக் கழற்றினால் திரும்ப அதையே போடாதீர்கள். ஒரு தடவை முறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைக் கொடுக்காது. மற்ற போல்ட்டுகளுக்கும் தலையைப் பாருங்கள், 8.8 அல்லது 10.9 என்று எண் இருக்கும். எண்ணே இல்லாத போல்ட்டை வீட்டு கேட்டுக்கு மாட்டலாம், சஸ்பென்ஷனுக்கு வேண்டாம்.

டயர் கணக்கைத் தம்பிக்குச் சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டினேன். அவன் வண்டியில் இருந்தது 235/75 ஆர் 15. விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர். அவன் ஆர்டர் போட்டிருந்தது 31 இன்ச், சுமார் 787. ஏழு சதவீதம் பெரிசு. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64க்கு மேல் போகும். முதல் கியரில் ஏற்றம் ஏறும் வலு அதே அளவு குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். திருப்பி ஒடித்தால் பிரேக் ஹோஸில் உரசுகிறதா என்றும் பார்க்கணும். "அப்ப ஏண்ணே எல்லாரும் போடுறாங்க?" என்றான். போட்டோவில் நன்றாக இருக்கும் என்றேன்.

அவன் கடைக்குள் வண்டியைத் திருப்பும்போதே ஸ்டீயரிங் கல் மாதிரி இருந்தது, டயர் கீச்சென்று இழுத்தது. எட்டிப் பார்த்தால் லீவர் 4எச்சில், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற நிலையில், கிடக்கிறது. மீஞ்சூரிலிருந்தே அப்படித்தான் வந்தானாம், கெத்தாக இருக்கும் என்று. இந்தப் பழைய வண்டிகளில் 4எச் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் கொஞ்சம் அதிக தூரம் ஓடணும், பூட்டு விடாது. மணலிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸிலும், இரண்டு ஷாஃப்ட்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். லீவரை இழுத்தால் வரவில்லை. வண்டியை நேராக நாலடி ரிவர்ஸ் எடுத்ததும் 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது.

ஆக்சில் ஹவுசிங்கைத் திறந்தபோது கியர் ஆயில், டீக்கடை டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடிச் சூடான ஹவுசிங்கைச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். மேலே இருக்கிற பிரீதர் (காற்று போய்வரும் சின்னத் துளை) அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர்தான் உள்ளே போகும். பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் பக்கம் உயரத்தில் கட்டிவிட்டால் முடிந்தது. சில நூறு ரூபாய் வேலை. ஆஃப்ரோடுக்காக வண்டியில் நான் செய்யும் மாற்றங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், வெளியே தெரியவே தெரியாது என்பதால் யாரும் கேட்டு வருவதில்லை.

தண்ணீர் என்றதும் ஒன்று. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எங்கள் தெருவில் வண்டிகள் முங்கின. முங்கின வண்டிகளை விட, தண்ணீர் வடிந்ததும் ஆசையாக செல்ஃப் அடித்த வண்டிகள்தான் செத்தன. சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். உயரத்திலிருந்து எஞ்சினுக்குக் காற்று எடுக்கிற ஸ்நார்க்கெல் குழாய் இருக்கிறது என்று தைரியப்படவும் வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் ரப்பர் கிழிந்திருந்தால் ஸ்நார்க்கெல் வெறும் பொம்மைதான்.

லைட் பாருக்கு ரிலேவும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் இல்லாமல் ஒயர் இழுக்காதீர்கள். ஹெட்லைட் ஒயரிலிருந்து ஒட்டுப்போட்டு எடுத்தவர்கள், பானட்டிலிருந்து புகை வந்ததும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடணும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். இரும்பு பம்பர், புல் பார் இவற்றுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது, ரோட்டில் நடக்கிறவர் மேல் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. மஞ்சள் போர்டு பிக்கப்புக்கு எட்டு வயது தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. வேறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இந்த மாற்றங்களைத்தான்.

தம்பி அந்தச் சனிக்கிழமை நாகலாபுரம் போகவில்லை. சேசிஸ், நாலு சக்கர பிரேக், துருப்பிடித்த பிரேக் குழாய்கள், ஸ்டீயரிங் பால் ஜாயின்ட், ஆக்சில் சீல் என்று வேலை ஐந்து வாரம் ஓடியது. டயர் ஆர்டரை கேன்சல் பண்ணி அந்தக் காசையும் இதில் போட்டான். லிஃப்ட் கிட்டையும் பம்பரையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான். வண்டி எடுக்க வந்த அன்று, கேட்காமலே என் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தட்டிப் பார்த்தான். பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "என் வெல்டிங்குக்கே டெஸ்டா?" என்றார்.

லைட் பார் மட்டும் பெட்டி பிரிக்காமல் என் கடைப் பரணில் கிடக்கிறது. எப்போது கேட்டாலும் "அடுத்த வாரம் எடுத்துக்கிறேண்ணே" என்கிறான். இந்த மாதத்திலிருந்து வாடகை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.