பெரிய பேட்டரி வேண்டாம், போர்டைப் பாருங்கள்

வயர்லெஸ் சென்சார் ப்ராஜெக்டோடு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "சார், இன்னும் பெரிய பேட்டரி போடலாமா?" என்பதுதான். புரோகிராமில் டீப் ஸ்லீப் (வேலை இல்லாதபோது சிப்பை ஆழ்ந்து தூங்கவைக்கும் முறை) இருக்கும். தூக்கத்தில் ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகண்ட்ரோலர் சிப்) சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் என்று டேட்டாஷீட்டும் சொல்லும். ஆனாலும் 2500 எம்ஏஹெச் 18650 லித்தியம் செல் பத்தே நாளில் காலி.

அந்த 10 மைக்ரோ ஆம்பியர் சிப்புக்கு மட்டும்தான். சிப் தூங்கினாலும், அது உட்கார்ந்திருக்கும் டெவ் போர்டில் (சோதித்துப் பார்ப்பதற்கான போர்டு) பவர் எல்இடி எரிகிறது, யுஎஸ்பி சிப் விழித்திருக்கிறது. வோல்டேஜைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் லோடே இல்லாமல் சுமார் 5 மில்லி ஆம்பியர் தின்கிறது. மொத்தம் 10 மில்லி ஆம்பியர் என்றால் 2500 எம்ஏஹெச் 250 மணி நேரம்தான் வரும். பேட்டரியை இரட்டிப்பாக்கினால் இன்னும் பத்து நாள், அவ்வளவே.

களத்தில் வைக்கும் யூனிட்டுக்கு டெவ் போர்டு வேண்டாம். வெறும் ஈஎஸ்பி32 மாட்யூலோடு ஹெச்டி7833 மாதிரி சில மைக்ரோ ஆம்பியரில் ஓடும் ரெகுலேட்டர் போதும். 250 மில்லி ஆம்பியர் மட்டுமே தரும் ரெகுலேட்டரைப் போட்டால் வைஃபை ஆன் ஆகும் நொடியில் போர்டு ரீசெட் ஆகலாம். பேட்டரி வோல்டேஜ் பார்க்க இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுவார்கள். 4.2 வோல்ட்டில் அது ராப்பகலாக 210 மைக்ரோ ஆம்பியர் இழுக்கும், தூங்கும் சிப்பைப் போல இருபது மடங்கு! இரண்டும் 1 மெகா ஓம் ஆக்கி, வோல்டேஜை அளக்கும் ஏடிசி பின்னில் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள்.

அடுத்தது விழித்திருக்கும் நேரம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நொடி, 100 மில்லி ஆம்பியரில் விழித்தால் சராசரி 0.55 மில்லி ஆம்பியரைத் தாண்டும். செல் ஆறு மாதம் தாங்கும். அதையே 1 நொடியாக்கினால், காகிதக் கணக்கில் இரண்டு வருடம். செல் தானாக இழக்கும் சார்ஜைக் கழித்துக்கொள்ளுங்கள். விழிப்பு நேரத்தைக் குறைக்க, ஸ்டேட்டிக் ஐபி (மாறாத நெட்வொர்க் முகவரி) கொடுங்கள். ரவுட்டரின் சேனலையும் பிஎஸ்எஸ்ஐடியையும் (ரவுட்டரின் அடையாள எண்) ஆர்டிசி மெமரியில் (டீப் ஸ்லீப்பிலும் அழியாத நினைவகம்) வைத்தால் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். சென்சாரைப் படித்த பிறகே வைஃபையைத் தொடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது, வைஃபை கிடைக்கும்வரை புரோகிராமில் திரும்பத் திரும்பச் சுற்றும் வைல் லூப். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால், யூனிட் தூங்காமல் தேடிக்கொண்டே இருந்து ஒரே நாளில் செல்லை வற்றவைத்துவிடும். ஐந்தாறு நொடியில் கிடைக்காவிட்டால் ரீடிங்கை ஆர்டிசி மெமரியில் வைத்துக்கொண்டு தூங்கப் போகட்டும். அதோடு, வோல்டேஜ் 3.2-க்குக் கீழே போனால் ரேடியோவைத் தொடாமலே தூங்கும்படி எழுதுங்கள். லித்தியம் செல்லை அடிவரை வற்றவிட்டால் கெட்டுவிடும். திரும்ப சார்ஜ் செய்வதும் ஆபத்து.

ஸ்லீப் கரண்டைக் கட்டாயம் அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை நேராக மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் கோத்தால், பூட் ஆகும்போது மீட்டரிலேயே வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். மீட்டரின் இரு முனைகளையும் ஒரு வயரால் ஷார்ட் செய்து பூட் ஆக விடுங்கள்; தூங்கியதும் வயரை எடுத்துவிட்டு, அடுத்த விழிப்புக்குள் ரீடிங் பாருங்கள். மில்லி ஆம்பியரில் இருந்தால் புரோகிராமை விட்டுவிட்டு போர்டில் தேடுங்கள்.