பட்டறையில் செய்த மின்சார பைக்கை விற்கப் போகிறீர்களா? முதலில் விதி 126

காரைக்குடி செக்காலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு நாள் ஃபைலோடு வந்தார். பழைய பைக்கில் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் மாட்டி, தெரிந்தவர்களுக்கு மூன்று வண்டி விற்றிருக்கிறார். அதில் ஒன்று வாகனச் சோதனையில் மாட்டிக்கொண்டது. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று இருக்கிறது, வண்டியிலோ டேங்க்கே இல்லை. வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்கிறார்.

அனுமதி வாங்க அவர் எட்டு மாதம் அலைந்திருக்கிறார். ஒரு ஆபீஸில் “தொழில் மையத்துல கேளுங்க” என்றார்களாம். அங்கே போனால் “பேங்க் லெட்டர் கொண்டாங்க”. பேங்கில் “முதல்ல ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிட்டு வாங்க”. ஃபைலில் இருந்த ஐந்து மனு நகலில் ஒன்றில்கூட ‘பெற்றுக்கொண்டோம்’ சீல் இல்லை. அவர் கேட்ட அனுமதியைத் தரும் அதிகாரம் அந்த மூன்று இடத்துக்குமே கிடையாது. இதைச் சொல்ல ஒருவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா?

விஷயம் இதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 126. புது மாடல் வண்டி எதுவானாலும் அதன் முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்று தர வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நமக்குப் பக்கம் என்றால் சென்னை ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. ஆர்.டி.ஓ. செய்வது பதிவு மட்டும். சான்று பெற்ற மாடல், அரசின் வண்டிப் பதிவுத் தளமான ‘வாகன்’-இல் ஏறாமல் அவரே நினைத்தாலும் நம்பர் தர முடியாது.

நம்மூரில் இன்னொரு குழப்பம் உண்டு. சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேயே இருப்பதால், பேட்டரியை அங்கே காட்டிப் பேப்பர் வாங்கினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பேட்டரி ஆராய்ச்சிக்கு அது பெரிய இடம், சந்தேகமில்லை. ஆனால் விதி 126-க்கு அந்தப் பேப்பர் செல்லாது. வண்டி ஒரகடத்துக்கோ புனேக்கோ போய்த்தான் ஆக வேண்டும்.

அடுத்தது “லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம்” என்ற பேச்சு. மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை, உண்மைதான். ஆனால் இந்த மூன்றும் சரி என்று சோதனை நிறுவனம் சான்று தந்திருக்க வேண்டும். அதை யாரும் சொல்வதில்லை. அப்புறம், விற்ற மறுநாளே ஒரு வயரைப் பிடுங்கி வேகத்தை 45-க்கு ஏற்றிக் கொடுப்பது. அன்றே அது பதிவில்லாத மோட்டார் சைக்கிள். யார் மேலாவது மோதினால் இன்சூரன்ஸ் இல்லை, கைக்காசுதான்.

பெட்ரோல் வண்டியை மாற்றுவதும் இஷ்டத்துக்குச் செய்யும் வேலை இல்லை. மாற்றும் கிட்டுக்கே சோதனைச் சான்று வேண்டும், ஆர்.சி.யிலும் மாற்றம் ஏற வேண்டும். விதியை மீறிய வண்டியைத் தயாரிப்பவரோ டீலரோ விற்றால் மோட்டார் வாகனச் சட்டப்பிரிவு 182ஏ-யின் கீழ் வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, இரண்டும்கூட. மூன்று வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, சான்று கிடைத்தது. இங்கேதான் அடுத்த பள்ளம். சான்று நீங்கள் கொண்டுபோன அந்த வண்டிக்கு, அந்த மோட்டாருக்கு, அந்தப் பேட்டரிக்கு. நூறு வண்டி செய்யும்போது பேட்டரிக்குள் இருக்கும் செல் விலை குறைகிறதென்று வேறு கம்பெனி செல்லைப் போட்டால் திரும்பச் சோதனை வாசலுக்குப் போக வேண்டி வரும். உற்பத்தி தொடங்கிய பிறகும் விதி 126ஏ-படி வண்டியை எடுத்துச் சரிபார்ப்பார்கள். பேட்டரிக்கு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புத் தரம், 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக இறுக்கப்பட்டது. ஒரு செல் தீப்பற்றினால் பக்கத்துச் செல்லுக்குப் பரவுகிறதா என்பதில் தொடங்கித் தண்ணீரில் மூழ்கடிப்பது வரை பார்க்கிறார்கள். ஆகவே ஆயிரம் வண்டிக்கும் ஒரே செல் தருகிற ஆளைப் பிடித்த பிறகே முன்மாதிரியை லாரியில் ஏற்றுங்கள்.

கடன் மானியம் வாங்க நினைப்பவர்களுக்கு: பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை. புதுத் தொழிலுக்கு மட்டும். ஆசைப்பட்டு முதலிலேயே பில் போட்டு விற்கத் தொடங்கினால் “இது நடக்கிற தொழில்” என்று தள்ளிவிடுவார்கள். பொதுப் பிரிவினருக்கு மானியம் திட்ட மதிப்பில் நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. நம் பக்கத்து ஊர் பல பார்க்கக் கிராமமாக இருந்தாலும் பேரூராட்சியாக இருக்கும். எந்தக் கணக்கில் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு விண்ணப்பியுங்கள். மானியம் கைக்கு வராது, மூன்று வருடம் பேங்கில் பூட்டிவைத்துப் பிறகுதான் கடனில் கழிப்பார்கள். “நான் முடிச்சுத் தர்றேன்” என்று வரும் புரோக்கருக்கு டீக்காசுகூடக் கொடுக்க வேண்டாம், விண்ணப்பம் ஆன்லைனில்தான்.

சென்னைக்குப் பல்லவன் ரயிலில் ஏறுவதற்கு முன் ஒரகடத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். என்னென்ன சோதனை, எத்தனை வண்டி, கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பேங்குக்கும் தொழில் மையத்துக்கும் அந்தப் பதிலின் நகலோடு போங்கள். கொடுக்கிற எல்லா மனுவிலும் தேதியோடு சீல் வாங்குங்கள். போட மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.