ஃபைல் பாத்தை அனுப்பினா ஃபைல் போயிடாது

ஜாவா ஆப்லெட், அதாவது வெப் பக்கத்தோட இறங்கி வந்து பிரவுசருக்குள்ளயே ஓடுன குட்டி ஜாவா புரோகிராம், எழுதிப் பார்த்தவங்க நிறைய பேர் இந்த ஒரு இடத்துல மாட்டியிருப்பாங்க. பிரவுசருக்குள்ள ஆப்லெட் ஓடுது, யூசர் தன் கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு போட்டோவைத் தேர்ந்தெடுக்கிறார், இப்ப அதை சர்வர்ல சேவ் பண்ணணும். நான் முதல்ல செஞ்சது, சி டிரைவ்ல அந்தப் படம் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற பாத்தை மட்டும் சர்வருக்கு அனுப்பினேன், சர்வர்ல இருந்த கோடு அந்த பாத்தை வச்சு ஃபைலைத் திறந்து காப்பி பண்ணிக்கிச்சு, நல்லாவே வேலை செஞ்சுது. காரணம், சர்வரும் பிரவுசரும் ஒரே மெஷின்ல இருந்துச்சு. பக்கத்து மெஷின்ல இருந்து திறந்ததும் அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு எரர்.

எங்க வீட்டு பீரோல ரெண்டாவது தட்டுல இருக்குன்னு போன்ல சொன்னா, நீங்க உங்க வீட்டு பீரோவைத் திறந்து தேடுனா கிடைக்குமா? அதே கதைதான். ஃபைலுக்குள்ள இருக்கிற பைட்ஸ், அதாவது அசல் டேட்டா, நெட்வொர்க் வழியா போயாகணும்.

அதுக்கு ஆப்லெட் முதல்ல ஃபைலைப் படிக்கணும், அங்கயே ஒரு தடை. 1995-ல ஜாவா வந்தப்பவே ஆப்லெட்டை சாண்ட்பாக்ஸ்ங்கிற பாதுகாப்பு வேலிக்குள்ள வச்சுட்டாங்க, ஏன்னா அது எங்கிருந்தோ இறங்கி வந்து நம்ம மெஷின்ல ஓடுற கோடு. டிஸ்க்கைத் தொடக்கூடாது, தான் வந்த சர்வரைத் தவிர வேற யாரோடயும் பேசக்கூடாது. டிஜிட்டல் கையெழுத்து போட்டு, யூசரும் சரின்னு சொன்னாதான் வெளிய வர முடியும், எனக்கு இது ரொம்ப நியாயமான ஏற்பாடாத்தான் படுது.

படிச்சாச்சுன்னா அனுப்புற முறைக்குப் பேரு மல்ட்டிபார்ட், அதுவும் 1995-லயே எழுதி வச்சதுதான். பவுண்டரின்னு ஒரு எல்லைக்கோடு வரி, அடுத்து ஃபைல் பேரும் வகையும், அப்புறம் ஒரு காலி வரி, அதுக்கப்புறம் பைட்ஸ், கடைசில மறுபடி அந்த எல்லைக்கோடு. ரிக்வெஸ்ட்டோட தலைப்புப் பகுதியான ஹெட்டர்ல சொன்ன பவுண்டரியை உள்ள எழுதும்போது முன்னாடி ரெண்டு ஹைஃபன் சேர்க்கணும், கடைசி வரில மட்டும் பின்னாடியும் ரெண்டு. அந்த ஹைஃபனோ காலி வரியோ விட்டுப்போச்சுன்னா ஃபைல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு சர்வருக்குப் புரியாது.

இன்னொன்னு, ஜாவாவோட எச்டிடிபி கனெக்ஷன்ல நாம எழுதுறது உடனே கிளம்பாது, சும்மா விட்டா எல்லாத்தையும் மெமரில சேர்த்து வச்சுட்டு, சர்வர் பதிலை நாம கேட்கும்போதுதான் அனுப்பும். அதனால பதிலைப் படிக்காம விட்டவங்களுக்கு எதுவுமே போய்ச் சேராது, பெரிய வீடியோ அனுப்புனவங்களுக்கு மெமரி நிரம்பிடும். அனுப்பப்போற மொத்த சைஸை (ஃபைலோட பவுண்டரி வரிகளும் சேர்த்து) முன்னாடியே சொல்லிட்டு, 8 கேபி 8 கேபியா படிச்சு அனுப்புற வழி ஜாவா 5-லதான் வந்துச்சு.

2015-ல குரோம் பிரவுசர், ஆப்லெட்டை ஓட வைக்கிற ஜாவா பிளகின் ஓடுற வழியையே எடுத்துடுச்சு, இப்ப ஜாவாஸ்கிரிப்ட்ல பிரவுசரே தர்ற ஃபார்ம்டேட்டாங்கிற வசதிகிட்ட ஃபைலைக் கொடுத்தா அந்த பவுண்டரி வேலையெல்லாம் அதுவே பார்த்துக்குது. யூசரோட உண்மையான பாத்தை பிரவுசர் இப்ப வெளியவே விடுறதில்ல, கேட்டா சி டிரைவ்ல ஃபேக்பாத்னு ஒரு பொய் ஃபோல்டர் பேரைத்தான் சொல்லும். சி டிரைவே இல்லாத மேக்லயும் லினக்ஸ்லயும் கூட அதே பதில்தான்.