வெங்காயக் கூடையில் செங்காந்தள் கிழங்கு

போன ஜூன் மாதம் நங்கநல்லூரில் ஒரு மாடித்தோட்ட வேலை. ஊரிலிருந்து கொண்டுவந்த செங்காந்தள் கிழங்கை நட்டுத் தரவேண்டும் என்று அந்த வீட்டு அம்மா கேட்டிருந்தார். "எங்கேம்மா வச்சிருக்கீங்க?" என்றேன். உள்ளே போய் வெங்காயக் கூடையைத் தூக்கி வந்தார். அடியில் நான்கு கிழங்குகள். கூடவே வந்த பெரியவர், "சக்கரவள்ளி இப்படி இளைச்சுப் போச்சேன்னு நேத்துதான் நினைச்சேன் தம்பி" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

நம் மாநில மலர்தான், குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் முதலில் வருவதும் அதுதான். ஆனால் கிழங்கு முழுக்கக் கொல்கிசின் என்னும் நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வரும். ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சும்மா இருந்துவிட்டால், அடுத்தடுத்த நாட்களில் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்சக் கிழங்கையும் டாக்டரிடம் காட்ட எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டாம்.

சரி, நடவுக்கு வருவோம். கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். இதற்கோ கிளையின் நுனியில் மட்டும்தான் முளை. அது ஒடிந்தால் அந்தக் கிளை போச்சு. அந்த நான்கில் இரண்டின் நுனிகள் வெங்காயப் பாரத்தில் நசுங்கியிருந்தன. அவற்றை மாடு மேயும் குப்பையில் போட முடியுமா? ஆழமாகப் புதைத்தோம்.

மிச்ச இரண்டையும் கையுறை போட்டுக்கொண்டு செம்மண், மணல், மண்புழு உரம் கலந்த பைகளில் படுக்கை வாட்டில், மூன்று அங்குல ஆழத்தில் வைத்தேன். ஒருமுறை தண்ணீர். அப்புறம் முளை தெரியும்வரை மண் காய்ந்தால் மட்டும். ஆசையாகத் தினமும் ஊற்றித்தான் பலர் அழுகவிடுகிறார்கள். இலை நுனியே சுருண்டு கொம்பைப் பற்றி ஏறும், அதனால் நட்ட அன்றே வலை கட்டிவிட்டேன். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காமலிருக்க, பைகளை எப்போதும் செங்கல்மேல்தான் வைப்பேன்.

கொடி காய்ந்தபின் கிழங்கைத் தோண்டி, காய்ந்த மணல் நிரப்பிய டப்பாவில் போட்டு, சமையலறைக்கும் குழந்தைகள் கைக்கும் எட்டாத பரணில் வைக்கவேண்டும். மேலே பெரிய எழுத்தில் 'விஷம்'. இந்த மாசியில் அந்த வீட்டுக்குக் கிழங்கு எடுத்துத் தரப் போனேன். பெரியவர் எழுத்தோடு நிற்காமல் மார்க்கரால் ஒரு மண்டையோடும் வரைந்து வைத்திருந்தார். பார்க்கத் திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரிதான் இருந்தது.