பரம் வீர் சக்ராவா, அசோக சக்ராவா? கல்வெட்டு வெட்டும் முன் கவனியுங்கள்

மேஜர் முகுந்த் வரதராஜன் பெயரோடு ‘பரம் வீர் சக்ரா’ என்று சேர்த்து எழுதுவது தவறு. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்த அவருக்கு வழங்கப்பட்டது அசோக சக்ரா. இரண்டும் உச்ச விருதுகளே. எதிரியை எதிர்கொண்ட போர்க்களத்து வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா. அதற்கு வெளியே உயிரைத் துச்சமாக நினைத்துச் செய்த செயலுக்கு அசோக சக்ரா. அசோக சக்ரா பொதுமக்களுக்கும் உண்டு. விமானப் பணிப்பெண் நீரஜா பனோட் பெற்றது அதைத்தான்.

அண்டை நாட்டுப் படையோடு மோதினால்தான் பரம் வீர் சக்ரா என்றும் சிலர் நினைக்கிறார்கள். 1961இல் காங்கோவில் ஐ.நா. படையில் இருந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்கும், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கும் அது கிடைத்திருக்கிறது. 1947 முதல் இதுவரை பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பிறகே வழங்கப்பட்டது.

படம் இருந்தால் ரிப்பனைப் பாருங்கள். பரம் வீர் சக்ராவுக்கு வேறு கோடே இல்லாத ஊதா ரிப்பன், அகலம் 32 மி.மீ. பதக்கம் வெண்கலம், நடுவில் அரசுச் சின்னம், அதைச் சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. அசோக சக்ரா பொன்முலாம் பூசியது. பச்சை ரிப்பனின் நடுவே காவிக் கோடு ஓடும்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். கார்கில் போரில் யோகேந்திர சிங் யாதவுக்கு விருது முதலில் ‘மறைவுக்குப் பின்’ என்றே அறிவிக்கப்பட்டது. அதே 18 கிரனேடியர்ஸ் படைப்பிரிவில் அதே பெயரில் இன்னொரு வீரர் இறந்திருந்தார். விருதுக்குரியவரோ மருத்துவமனையில் தேறிக்கொண்டிருந்தார்! ஆகவே படை எண், படைப்பிரிவு, சம்பவ நாள் மூன்றையும் அரசிதழ் அறிவிப்போடு ஒப்பிட்ட பிறகே கல்லில் வெட்டுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்திலும் விவரம் கிடைக்கும்.

குடும்பங்கள் அறியவேண்டியது ஒன்று உண்டு. பரம் வீர் சக்ராவுக்கான மாதப்படி 2017 ஆகஸ்ட் 1 முதல் ரூ.20,000 ஆகவும், அசோக சக்ராவுக்கு ரூ.12,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. இது ஓய்வூதியத்தில் அடங்காத தனித்தொகை. வீரர் மறைந்தால் மனைவிக்குத் தொடரும். மறுமணம் செய்தால், கணவரின் சகோதரரை மணந்தால் மட்டுமே தொடரும் என்றிருந்த பழைய நிபந்தனை 2017இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்த நிபந்தனையைச் சொல்லி யாரேனும் மறுத்தால் ஏற்காதீர்கள். மாநில அரசின் ரொக்கத் தொகை வேறு. அதைப் பற்றி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தனியே கேட்க வேண்டும்.