18 முடிஞ்சா குழந்தைகள் ஹோம்ல இருந்து வெளிய போகணுமா? எஸ்டேட் பக்கத்து புள்ளைங்களுக்கு ஆஃப்டர்கேர், அதாவது 18-க்கு அப்புறம் கெடைக்கிற உதவி பத்தி

மூணாறு பக்கம் பொறந்து வளந்தவங்களுக்கு லயம்னா என்னன்னு சொல்லத் தேவையில்ல. மத்தவங்களுக்கு, டீ எஸ்டேட் தொழிலாளிங்களுக்கு கம்பெனி குடுக்கிற வரிசை வீடு. பேருதான் வீடு, அது வேலையோட ஒட்டிக்கிட்டு வர்ற வீடு. அம்மா ரிட்டயர் ஆனாலோ இறந்துபோனாலோ, கொளுந்தெடுக்க வீட்ல அடுத்த ஆள் இல்லன்னா காலி பண்ணிக் குடுக்கணும். பெரியவங்க எப்படியாச்சும் போடி, கம்பம்னு சொந்தக்காரங்க வீட்டுக்கு எறங்கிடுவாங்க, 16 17 வயசுப் புள்ளைங்கதான் ஸ்கூல் இங்க, சித்தப்பா வீடு அங்க, அந்த வீட்லயும் எத்தன நாள் வச்சிப்பாங்கன்னு தெரியாம நடுவுல நிக்குதுங்க. அப்படி நிக்கிறவங்களுக்கு சட்டத்துலயே வழி இருக்கு, கேக்குற ஆளுதான் கம்மி.

மொதல்ல 18 ஆகாதவங்க. 2015 சிறார் நீதி சட்டப்படி, வீடு இல்லாத, நிலையா தங்க எடம் இல்லாத புள்ள 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தை'. தெருவுல படுத்தாதான்னு இல்ல, பாத்துக்க அப்பா அம்மா இல்ல, வச்சிக்க யாரும் தயாரா இல்லன்னாலும் இதுல வரும். குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098-க்கு போன் போடலாம், காசு கெடையாது. புள்ளைய 24 மணி நேரத்துக்குள்ள (பயண நேரம் சேராது) மாவட்டத்துல இருக்கிற குழந்தைகள் நலக் குழு, அதாவது சி.டபிள்யூ.சி. முன்னாடி கொண்டுபோகணும். போலீஸ்தான் கூட்டிட்டு போகணும்னு இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க போகலாம், டீச்சர் போகலாம், அந்தப் புள்ளையே நேரா போய் நிக்கலாம். அங்க போனா ஜெயில் மாதிரி ஹோம்ல போட்ருவாங்கன்னு ஒரு பயம் நம்ம ஆளுங்களுக்கு உண்டு, ஆனா சட்டப்படி ஹோம்ங்கறது கடைசி வழிதான், மொதல்ல பாக்குறது சொந்தக்காரங்ககிட்ட சேக்க முடியுமான்னுதான்.

பாட்டியோ அத்தையோ வச்சிக்கிறேன்னு சொன்னா, மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் மிஷன் வாத்சல்யால ஸ்பான்சர்ஷிப் இருக்கு, மாசம் 4000 ரூபா, 18 வயசு வரைக்கும். குடும்ப வருமானம் கிராமத்துல வருஷம் 72,000, மத்த எடத்துல 96,000 தாண்டக்கூடாது. அப்பா போய் அம்மா மட்டும் இருக்கிற வீட்டுக்கும் கெடைக்கும், இது நெறைய பேருக்கு தெரியறதே இல்ல. கேரளா கவர்மென்ட்டோட 'சிநேகபூர்வம்' உதவித்தொகை தனி, அதுல தொகை சின்னதுதான், ஸ்கூல் வழியா அப்ளை பண்றது, ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க.

பார்டர்ல இருக்கிற நமக்கு ஒரு சிக்கல் உண்டு. புள்ள கெடைக்கிறது மூணாறு பஸ் ஸ்டாண்டுல, சொந்த ஊரு தேனி மாவட்டம், அப்போ யார் கேஸ்? எங்க கெடைச்சுதோ அந்த மாவட்ட சி.டபிள்யூ.சி. தான் மொதல்ல எடுக்கணும். அதுக்கப்புறம் சொந்த மாவட்ட கமிட்டிகிட்ட பேசி, புள்ளைக்கு நல்லதுன்னா அங்க மாத்துவாங்க. 'நீ தமிழ்நாடு, அங்க போய் கேளு'ன்னு வாசல்லயே திருப்பி விடுறது தப்பு. எனக்கே அது நடந்திருக்கு, ஒரு ஆபீஸ்ல பக்கத்து லயத்துப் பையனோட போய் நின்னப்ப ஆதார்ல அட்ரஸ் போடின்னு இருக்குன்னு பேப்பரைக் கூட வாங்கல. அப்போ எனக்கு ரூல் தெரியாது, திரும்பி வந்துட்டோம், இப்ப நெனச்சாலும் எரிச்சல்தான்.

இன்னொண்ணு, மலையாளம் எழுத வராதுன்னு தயங்காதீங்க. 1969 கேரள ஆட்சிமொழி சட்டத்துல தமிழ், கன்னட சிறுபான்மைக்கு தனியா எடம் குடுத்திருக்கு, செக்ரட்டேரியட்டுக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மை பகுதின்னு அறிவிச்ச எடத்துல இருக்கிற லோக்கல் ஆபீசுக்கும் தமிழ்லயே எழுதலாம், பதிலும் தமிழ்லயே வரணும். தேவிகுளம் பக்கம் மட்டும் இல்ல, பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருக்கிறவங்களும் இத ஞாபகம் வச்சிக்கங்க.

இப்ப தலைப்புக்கு வர்றேன். ஹோம்ல வளந்த புள்ளைக்கு 18 முடியுது, பொட்டியக் கட்டிக்கிட்டு கெளம்புன்னு சொல்ற நாள் வருது, அப்புறம் எங்க போறது? இதுக்குத்தான் ஆஃப்டர்கேர், அதே சட்டத்தோட 46-வது பிரிவு. 18 முடிஞ்சு ஹோம விட்டு வெளிய வர்றவங்களுக்கு 21 வரைக்கும் உதவி, ரொம்ப தேவைன்னா இன்னும் 2 வருஷம், அதாவது 23 வரைக்கும் நீட்டலாம். மிஷன் வாத்சல்யால இதுக்கும் மாசம் 4000 ரூபா. காசு மட்டும் இல்ல, இந்தச் சட்டத்துக்கு 2016-ல போட்ட மாடல் ரூல்ஸ்ல 6 முதல் 8 பேர் சேந்து தங்குற குரூப் வீடு, படிப்புக்கு ஸ்காலர்ஷிப், தொழில் பழகுறப்ப ஸ்டைப்பெண்ட், வேலைக்கு ஏற்பாடு, சொந்தமா தொழில் வைக்க லோன், தொடர்ந்து பேசிப் பாக்க ஒரு கவுன்சிலர்னு எல்லாம் இருக்கு. ஆனா சட்டத்துல 'குடுக்கலாம்'னுதான் எழுதியிருக்கு, 'குடுத்தே ஆகணும்'னு இல்ல, அதனால வாயத் தொறந்து கேக்கணும், அதுவும் எழுதிக் கேக்கணும்.

எப்ப கேக்கணும்ங்கறதுதான் பெரிய விஷயம். 18 பொறந்தநாள் வரைக்கும் காத்திருந்தா கஷ்டம், 17 ஆனதுமே ஹோம் சூப்பரண்ட்கிட்டயும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு யூனிட்லயும் 'எனக்கு ஆஃப்டர்கேர் வேணும்'னு சொல்லி வைங்க. ஒவ்வொரு புள்ளைக்கும் தனி பராமரிப்பு பிளான்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, வெளிய போனப்புறம் என்னங்கறது அதுல வரணும். ஆதார், பர்த் சர்டிபிகேட், டி.சி., உங்க பேர்லயே பேங்க் பாஸ்புக் எல்லாம் கையில வாங்காம கேட்டத் தாண்டாதீங்க. ஆதாருக்கு அட்ரஸ் ப்ரூஃப் இல்லன்னா அங்கீகாரம் உள்ள ஹோமோட சூப்பரண்ட் குடுக்கிற சர்டிபிகேட் செல்லும், வெளிய வந்தப்புறம் அந்த சர்டிபிகேட்டுக்கு அலையறது பெரும்பாடு.

ஹோம்லயே இருந்ததில்ல, 19 வயசு, லயத்த காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னா? உண்மையச் சொன்னா இந்த எடத்துல சட்டம் கைய விரிக்குது, ஆஃப்டர்கேர் அவங்களுக்கு கெடையாது. இருக்கிறதுல உருப்படியானது டி.டி.யு.ஜி.கே.ஒய்.ங்கற மத்திய அரசோட தொழில் டிரெயினிங், ஏழை கிராமக் குடும்பத்துல 15 முதல் 35 வயசு வரை உள்ளவங்களுக்கு, தங்கிப் படிக்கிற கோர்ஸ்ல எடமும் சாப்பாடும் ஃப்ரீ, கேரளாவுல குடும்பஸ்ரீ வழியா நடக்குது, உங்க வார்டு அயல்கூட்டத்து (குடும்பஸ்ரீ மகளிர் குழு) அக்காகிட்ட கேட்டாலே சொல்லுவாங்க. வீட்ல அடி உதைன்னு வெளிய வந்த பொண்ணுங்க 181-க்கு கூப்பிடலாம், சகி ஒன் ஸ்டாப் சென்டர்ல 5 நாள் வரைக்கும் தங்கலாம், அதுக்கு மேல வேணும்னா வேற ஹோமுக்கு அனுப்புவாங்க. எஸ்.சி. ஹாஸ்டல்னு ஒரு வழி இருக்கு, ஆனா அதுக்கு வேண்டிய சாதி சர்டிபிகேட்டுக்கு நம்ம ஆளுங்ககிட்ட தாத்தா 1950-க்கு முன்னாடியே கேரளாவுல இருந்தாருங்கறதுக்கு ஆதாரம் கேப்பாங்க, பழைய எஸ்டேட் செக்ரோல் (வேலையாளுங்க பேர் பதிவேடு) காப்பி வீட்ல எங்கயாச்சும் கெடந்தா தூக்கிப் போட்றாதீங்க.

சி.டபிள்யூ.சி. சரியா கவனிக்கலன்னா மாவட்ட கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம், கமிட்டி மேல வர்ற புகாரக் கேக்குற பொறுப்ப சட்டமே அவர்கிட்டதான் குடுத்திருக்கு. மனு 2 காப்பி எடுத்துட்டு போங்க, ஒண்ணுல சீல் போட்டு தேதியோட வாங்கிட்டு வாங்க. அந்தப் பையனோட போனப்ப நான் செய்யாம விட்டது அதத்தான்.